மார்கழிக் கூட்டம் எங்கே போனது? சின்னத் தளத்தின் வருகைக் கணக்கில் வரும் குழப்பங்கள்

அம்மாவின் கோல நோட்டுகள் மொத்தம் ஏழு. அவற்றை ஸ்கேன் செய்து, புள்ளிக் கணக்கு வாரியாகப் பிரித்து, ஒரு சின்னத் தளத்தில் போட்டு வைத்திருக்கிறேன். விளம்பரமும் கிடையாது, வருமானமும் கிடையாது. ஆனால் யாராவது வந்து பார்க்கிறார்களா என்று தெரிந்துகொள்ளும் அரிப்பு மட்டும் விட்டபாடில்லை. அதற்காக, வருகையை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸைப் பொருத்தினேன். தளத்தை வைத்திருக்க வாடகைக்கு எடுத்த ஹோஸ்டிங்கோடு ஏடபிள்யூஸ்டாட்ஸ் என்ற இன்னொரு எண்ணும் கருவி தானாகவே வந்தது. கூகுள் தேடலிலிருந்து வருபவர்களைக் காட்டும் சர்ச் கன்சோலையும் சேர்த்துக்கொண்டேன். மூன்றும் சேர்ந்து என்னைக் குழப்பிய குழப்பத்தில் கற்றுக்கொண்டவை இவை. உங்களுக்கு எந்தக் கோளாறு தெரிகிறதோ நேராக அந்தத் தலைப்புக்குப் போய்விடுங்கள். எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை.

ஒரு இடத்தில் 9,000, இன்னொரு இடத்தில் 300

புதிதாகப் பார்ப்பவர்கள் முதலில் ஏமாறுவது இங்கேதான். பெரிய எண்ணைப் பார்த்ததும் மனம் துள்ளும். அந்த எண்ணுக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். "ஹிட்ஸ்" என்று இருந்தால் அது ஆட்களின் எண்ணிக்கை அல்ல. சர்வரிடம் கேட்கப்பட்ட கோப்புகளின் எண்ணிக்கை. இருபது கோலப் படங்கள் உள்ள பக்கத்தை ஒருவர் ஒரே ஒரு முறை திறந்தால், படம் இருபது, பக்கம் ஒன்று, எழுத்துரு, ஸ்டைல் கோப்பு எல்லாம் சேர்ந்து இருபத்தைந்து ஹிட் ஏறிவிடும்.

"பக்கங்கள்", "வருகைகள்" என்று இருக்கும் எண்களை ஒப்பிட்டாலும் இரண்டும் ஒத்துப்போகாது. ஏடபிள்யூஸ்டாட்ஸ் சர்வரின் லாக்கை, அதாவது வருகைப் பதிவேட்டை, படித்து எண்ணுகிறது. கதவைத் தட்டிய எல்லாரும் அதில் உண்டு, தானாக ஓடும் நிரல்களான பாட்களும் உண்டு. தன்னை பாட் என்று சொல்லிக்கொள்வதை மட்டும் அது தனியே எடுத்து வைக்கும். சொல்லிக்கொள்ளாத பாட் அதற்கு மனிதன்தான். அனலிட்டிக்ஸோ பிரவுசருக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்டை நம்பியிருக்கிறது. ஆட்பிளாக்கர் (விளம்பரத் தடுப்பான்) வைத்திருப்பவர், பிரேவ் பிரவுசர்காரர், பக்கம் முழுதாக ஏறுமுன் மூடிவிட்டவர் யாரும் அதன் கண்ணில் படமாட்டார்கள். ஆக ஒன்று கூட்டிச் சொல்கிறது, இன்னொன்று குறைத்துச் சொல்கிறது. உண்மை நடுவில் எங்கோ இருக்கிறது.

சந்தேகம் தீர ஒரு சோதனை உண்டு. வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் உங்கள் பக்கம் ஒன்றைத் திறங்கள். ஐந்து நிமிடம் கழித்து ஹோஸ்டிங்கில் மூல லாக்கைப் பதிவிறக்கி, கடைசி வரிகளைப் பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் ஐபி முகவரி, நேரம், கேட்ட கோப்பு, 200 (கிடைத்தது) அல்லது 404 (இல்லை) போன்ற விடைக் குறி, எங்கிருந்து வந்தார், எந்த பிரவுசர் என்ற விவரங்கள் இருக்கும். உங்கள் ஒரே பார்வை எத்தனை வரிகளாகப் பதிவாகியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் போதும், பெரிய எண்ணின் மீது இருந்த மயக்கம் அன்றே போய்விடும். எனக்குப் போய்விட்டது. கொஞ்சம் வருத்தமும்தான்.

நேற்றுவரை வந்தார்கள், இன்று பூஜ்யம்

பதற வேண்டாம். முதலில் சர்ச் கன்சோலைத் திறந்து, அதில் கிளிக்குகள் தொடர்ந்து வருகின்றனவா என்று பாருங்கள். அதில் முழு விவரம் வர இரண்டு மூன்று நாள் ஆகும், பொறுத்துத்தான் பார்க்க வேண்டும். அங்கே கிளிக் இருந்து அனலிட்டிக்ஸில் மட்டும் பூஜ்யம் என்றால் செத்தது தளம் அல்ல, எண்ணும் கருவி.

பெரும்பாலும் காரணம் தீம் (தளத்தின் தோற்ற அமைப்பு) மாற்றம்தான். தீமின் தலைப்புக் கோப்பில் கையால் ஒட்டிய அனலிட்டிக்ஸ் கோட், தீமைப் புதுப்பித்ததும் அழிந்துபோகும். பக்கத்தைத் திறந்து, அதன் மூலத்தைப் பார்த்து, அளவீட்டு எண் இருக்கிறதா என்று தேடுங்கள். ஆங்கில ஜி எழுத்தில் தொடங்கினால் நடப்புப் பதிப்பு. யூஏ என்று தொடங்கினால் அது பழைய யூனிவர்சல் அனலிட்டிக்ஸ். அது 2023 ஜூலை 1 முதல் புதிய வருகைகளைக் கணக்கிடுவதையே நிறுத்திவிட்டது. அந்த கோட் தளத்தில் இருந்தும் பயனில்லை. கோட் சரியாக இருந்தால் தளத்தின் கேஷை (தற்காலிகச் சேமிப்பை) காலி செய்துவிட்டு, மொபைலில் பக்கத்தைத் திறந்து, "நிகழ்நேரம்" அறிக்கையில் உங்கள் தலை தெரிகிறதா என்று பாருங்கள். கடைசி அரை மணி நேரத்தில் வந்தவர்களை அது காட்டும்.

இன்றைய எண் மட்டும் குறைவாக இருந்தால் அது கோளாறே அல்ல. சாதாரண அறிக்கைகள் நிரம்ப 24 முதல் 48 மணி நேரம் ஆகும். இன்றையதை இன்றே பார்த்துக் கவலைப்படுவது உலை கொதிக்குமுன் சோறு வெந்ததா என்று பார்ப்பது மாதிரி.

இரண்டு இடத்திலும் பூஜ்யம் என்றால்தான் உண்மையான சிக்கல். ஹோஸ்டிங் கெடு முடிந்திருக்கலாம். வேர்ட்பிரஸ்காரர்கள் "வாசிப்பு" அமைப்புகளில், தேடுபொறிகளைத் தவிர்க்கச் சொல்லும் பெட்டியில் டிக் விழுந்திருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

எல்லாமே இரட்டிப்பாகிவிட்டது

ஒரே கோட் இரண்டு இடத்தில் இருக்கிறது. நீங்கள் கையால் ஒட்டியது ஒன்று, பிளகின் (துணை நிரல்) சேர்த்தது இன்னொன்று. மறைநிலைச் சாளரத்தில் ஒரு பக்கத்தை ஒரு முறை திறந்து, நிகழ்நேரத்தில் பக்கப் பார்வை இரண்டு என்று காட்டினால் ஒன்றை எடுத்துவிடுங்கள். அவ்வளவுதான்.

ஆஷ்பர்னில் யார் கோலம் போடுகிறார்கள்?

ஊர்ப் பட்டியலில் அமெரிக்காவின் ஆஷ்பர்ன், போர்டுமன், கவுன்சில் பிளஃப்ஸ் என்ற பெயர்கள் மேலே ஏறி நிற்கின்றனவா? அங்கே தமிழ்ச் சங்கம் எதுவும் உங்கள் தளத்தைக் கண்டுபிடித்துவிடவில்லை. விர்ஜீனியாவில் உள்ள ஆஷ்பர்ன் சுற்றுவட்டாரம் முழுக்க டேட்டா சென்டர்கள். ஓரிகனில் உள்ள போர்டுமனில் அமேசானுடையவை இருக்கின்றன. அயோவாவில் உள்ள கவுன்சில் பிளஃப்ஸில் கூகுளுடையவை. அங்கிருந்து வருபவர்களில் பெரும்பாலோர் வாடகைக் கணினியில் ஓடும் பாட்கள்.

அறியப்பட்ட பாட்களைக் கூகுள் தானாகவே கழித்துவிடுகிறது. அதை நீங்கள் அணைக்கவும் முடியாது. ஆனால் உண்மையான குரோம் பிரவுசரையே ஓட்டிக்கொண்டு வரும் பாட் அந்த வலையில் சிக்குவதில்லை. அதன் நடத்தையைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். ஒரே ஒரு பக்கம், ஈடுபாட்டு நேரம் பூஜ்யம், மேசைக் கணினி, மூலம் "நேரடி", பெரும்பாலும் முகப்புப் பக்கம்.

இதில் தமிழ்த் தளங்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் தலைவலி உண்டு. பாட் கூட்டம் வரும் இடங்களில் சிங்கப்பூரும் ஒன்று. அங்கேயும் டேட்டா சென்டர்கள் ஏராளம். வேறு மொழித் தளம் நடத்துபவர் சிங்கப்பூர் முழுவதையும் கணக்கிலிருந்து ஒதுக்கிவிட்டுத் தூங்கப் போகலாம். நம்மால் முடியுமா? தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்றாக இருக்கும் நாடு அது. பொங்கலுக்குக் கோலம் தேடும் உண்மையான ஆட்கள் அங்கே இருக்கிறார்கள். நான் செய்தது இது: சிங்கப்பூர் வருகையை மட்டும் தனியே எடுத்து, கருவி வாரியாகப் பிரித்தேன். கைபேசியில், கூகுள் தேடல் வழியாக வந்து, பத்து நொடிக்கு மேல் இருந்தவர்கள் ஒரு பக்கம். மேசைக் கணினியில் நேரடியாக வந்து பூஜ்ய நொடியில் போனவர்கள் மறுபக்கம். முதல் வகையை மட்டும் ஆள் என்று வைத்துக்கொண்டேன். கணினியில் பார்க்கும் ஒன்றிரண்டு நல்லவர்களும் இதில் அடிபட்டுப் போவார்கள். வேறு வழியில்லை.

பத்து நொடி என்பது நான் கற்பனையில் பிடித்த அளவு அல்ல. பத்து நொடிக்கு மேல் நீடித்த அல்லது இரண்டு பக்கங்களாவது பார்த்த வருகையை அனலிட்டிக்ஸ் 4 (நடப்புப் பதிப்பு) "ஈடுபாடுள்ள அமர்வு" என்று கொள்கிறது. எங்களைப் போன்ற சிறு தளக்காரர்கள் மொத்தப் பயனர் எண்ணை விட்டுவிட்டு இந்த ஒன்றைப் பார்த்தாலே பாதிக் குப்பை விலகிவிடும்.

ஊர்ப் பெயரை ரொம்பவும் நம்பாதீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலியில் இருக்கும் என் அக்கா வீட்டிலிருந்து தளத்தைத் திறந்தால் "சென்னை" என்று விழுகிறது. மொபைல் நிறுவனத்தின் இணைய வாசல் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர்ப் பெயர்தான் வரும். நாட்டுப் பெயர் ஓரளவு சரி. மாவட்டக் கணக்கெல்லாம் போடாதீர்கள்.

விடியற்காலைக் கூட்டம் பிற்பகலில் வருகிறது

இது என்னை ஒரு மார்கழி முழுக்க அலைக்கழித்தது. கோலத் தளத்துக்கு எப்போது கூட்டம் வரும்? காலை 4.30க்கு எழுந்து, வாசல் தெளித்துவிட்டு, கைபேசியில் "15 புள்ளி 8 வரை ஊடுபுள்ளி" என்று தேடும்போது வரும். என் அறிக்கையிலோ பிற்பகல் 3, 4 மணிக்குக் கூட்டம் என்று இருந்தது. பிற்பகல் மூன்று மணிக்கு யார் கோலம் போடுவார்கள்? பள்ளிப் போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகளாக இருக்கும் என்று ஒரு கதை கட்டி, அவர்களுக்காகச் சின்னக் கோலங்களாக ஒரு பக்கமே தயாரித்துவிட்டேன்.

விஷயம் நேர மண்டலம். கணக்கைத் தொடங்கும்போது மாற்றாமல் விட்டால், அமைப்பு அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நேரத்தில் நிற்கும். மார்கழியில் அந்த நேரம் நம்மைவிட 13.30 மணி நேரம் பின்னால். நம் காலை 5 மணி, அங்கே முந்தைய நாள் பிற்பகல் 3.30. மணி மட்டுமல்ல, நாளும் பிசகும். அவர்களின் நள்ளிரவு நமக்குப் பகல் 1.30 என்பதால், நம் ஒரு நாள் நடுவில் வெட்டுப்பட்டு இரண்டு தேதிகளில் விழும். வைகுண்ட ஏகாதசியன்று காலையில் வந்த கூட்டம் தசமி நாளின் கணக்கில் இருக்கும்.

நிர்வாகப் பகுதியில், சொத்து விவரத்தில் நேர மண்டலத்தை இந்தியா என்று மாற்றுங்கள். மாற்றிய பிறகு வருவதுதான் சரியாகும், பழையது அப்படியே இருக்கும். மாற்றிய அன்று வரைபடத்தில் ஒரு பள்ளமோ மேடோ தெரியும், கண்டுகொள்ள வேண்டாம். சர்வர் லாக்கில் நேரத்துக்குப் பக்கத்திலேயே கூட்டல் குறியும் நான்கு பூஜ்யமும் இருந்தால் அது உலகப் பொது நேரம். 5.30 மணி கூட்டிக்கொள்ளுங்கள். சர்ச் கன்சோலின் நாள் கணக்கும் அமெரிக்க மேற்குக் கரை நேரத்தில்தான் போகிறது. அதை நம்மால் மாற்ற முடியாது. எனவே சர்ச் கன்சோலையும் அனலிட்டிக்ஸையும் நாள்வாரியாக ஒப்பிடாமல் வாரவாரியாக ஒப்பிடுங்கள்.

அந்தச் சின்னக் கோலப் பக்கத்துக்கு இன்றுவரை யாரும் வரவில்லை.

எல்லாரும் "நேரடி"யாக வருகிறார்கள்

யாரும் உங்கள் தள முகவரியை மனப்பாடம் செய்து தட்டவில்லை. வாட்ஸ்அப். குழுவில் போட்ட இணைப்பைத் தட்டி வருபவர் எங்கிருந்து வந்தார் என்ற தகவல் கூட வருவதில்லை. மூலம் தெரியாததை எல்லாம் அனலிட்டிக்ஸ் "நேரடி" என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடும். உங்கள் தளம் இன்னும் பூட்டுக் குறி இல்லாத பழைய முகவரியில் ஓடுகிறது என்றால், பாதுகாப்பான தளங்களிலிருந்து வருபவர்களின் மூலமும் இதேபோல் தொலைந்துபோகும். அதை முதலில் சரிசெய்யுங்கள், பூட்டுக் குறிக்கான சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது.

வாட்ஸ்அப்பில் பகிர்வதற்கென்று யூடிஎம் குறிகள் (எங்கிருந்து வந்தார் என்று சொல்லும் முகவரி வால்) சேர்த்த தனி இணைப்பைத் தயாரித்துக்கொள்ளலாம். பக்கத்தில் ஒரு "பகிர்" பொத்தான் வைத்து, அதற்குள் அந்த இணைப்பைப் போட்டுவிட்டால் தானாக வேலை நடக்கும். அந்தக் குறியை ஆங்கிலச் சிறிய எழுத்தில் எழுதியதும் பெரிய எழுத்தில் எழுதியதும் இரண்டு வெவ்வேறு மூலங்களாகப் பிரிந்துவிடும் என்பதால் ஒரே மாதிரி எழுதுங்கள். தளத்துக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் இணைப்புகளில் மட்டும் இதைப் போட்டுவிடாதீர்கள். வந்தவர் எங்கிருந்து வந்தார் என்ற கணக்கே குழம்பிவிடும்.

லாக்கில் இன்னொரு சுவையான விஷயம் கிடைக்கும். வாட்ஸ்அப்பில் ஒருவர் இணைப்பை ஒட்டும்போது, முன்னோட்டப் படத்துக்காக அந்தச் செயலி உங்கள் பக்கத்தைத் தொட்டுப் பார்க்கும். பிரவுசர் பெயர் வரும் இடத்தில் வாட்ஸ்அப் என்றே பதிவாகும். அந்த வரியைத் தொடர்ந்து அடுத்த பத்து நிமிடத்தில் அதே பக்கத்துக்கு முப்பது பேர் வந்தால், எங்கோ ஒரு குடும்பக் குழுவில் உங்கள் கோலம் போய்ச் சேர்ந்திருக்கிறது. அனலிட்டிக்ஸ் உங்களுக்கு இதைச் சொல்லவே சொல்லாது.

கேள்விப்படாத தளத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள்

பரிந்துரைப் பட்டியலில் விசித்திரமான பெயர் இருந்தால், ஆர்வத்தில் அதைத் திறந்து பார்க்காதீர்கள். நீங்கள் திறக்க வேண்டும் என்பதற்காகவே அது அங்கே எழுதப்பட்டிருக்கிறது. 2014, 2015 காலத்தில் இந்த ஸ்பேம் உச்சத்தில் இருந்தது. அதில் ஒரு வகை தளத்துக்கு வருவதே இல்லை, அனலிட்டிக்ஸுக்கு நேராகப் பொய்த் தகவலை அனுப்பிவிடும். சர்வர் லாக்கில் அந்தப் பெயர் இல்லாமல் அனலிட்டிக்ஸில் மட்டும் இருந்தால் இந்த வகைதான். ஒதுக்கிவிட்டு நகருங்கள்.

பக்கத்தின் பெயரே படிக்க முடியவில்லை

தமிழில் முகவரி வைத்தவர்களுக்கு மட்டும் வரும் நோய். லாக்கில் விழுக்காட்டுக் குறியும் எண்களும் ஆங்கில எழுத்துகளுமாக நீண்ட கம்பளிப்பூச்சி ஒன்று ஊர்ந்து போகும். "கோலம்" என்ற சொல் கணினிக்கு ஐந்து குறிகள்: க, ஓகாரக் குறி, ல, ம, புள்ளி. ஒவ்வொன்றும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டுக்கும் மூன்று எழுத்து. ஆக மொத்தம் 45 எழுத்துகள். அந்தக் கம்பளிப்பூச்சியை நகலெடுத்து பிரவுசரின் முகவரிப் பெட்டியில் ஒட்டினால் தமிழில் தெரியும். அறிக்கையில் பக்க முகவரிக்குப் பதிலாகப் பக்கத் தலைப்பைக் காட்டச் சொல்வது இன்னும் எளிது.

ஒரே பக்கம் 200 என்றும் 404 என்றும் இரண்டு விதமாகப் பதிவாகிறதா? "கோ"வைக் கவனியுங்கள். ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, சர்வருக்கு வேறு வேறு. புதிய பக்கங்களுக்கு முகவரியை ஆங்கில எழுத்தில் சுருக்கமாகவும் தலைப்பைத் தமிழிலும் வைக்கத் தொடங்கிவிட்டேன். மொழிப்பற்றுக்குக் கொஞ்சம் உறுத்தல்தான். பழைய முகவரிகளை மாற்றுவதானால், அங்கே வருபவரைப் புதிய முகவரிக்கு அனுப்பும் 301 திருப்பிவிடலை மறக்காதீர்கள்.

என்ன தேடி வந்தார்கள் என்று காட்டவில்லை

2011 அக்டோபரிலிருந்து கூகுள் தேடல் சொற்களை மறைக்கத் தொடங்கியது. அனலிட்டிக்ஸில் அவற்றைத் தேடிப் பயனில்லை, சர்ச் கன்சோலில்தான் கிடைக்கும். அங்கேயும் வரிகளைக் கூட்டினால் மொத்தம் வராது. மிகச் சிலரே தேடிய சொற்களை அந்தரங்கம் கருதி மறைத்துவிடுகிறார்கள். கோலம் தேடுபவர்கள் ஆளுக்கு ஒரு விதமாகத் தேடுவதால் நமக்கு மறைவது அதிகம்.

தினமும் தவறாமல் வரும் அந்த ஒருவர்

அது நீங்கள்தான். எழுத்துப் பிழை திருத்த ஒரு நாளில் இருபது முறை திறந்திருப்பீர்கள். அனலிட்டிக்ஸில் "உள் போக்குவரத்து" வடிகட்டி இருக்கிறது. ஆனால் அது தொடக்கத்தில் சோதனை நிலையில்தான் இருக்கும், நீங்களாக இயக்க வேண்டும். வீட்டு இணைப்பின் ஐபி முகவரி மாறிக்கொண்டே இருப்பதால் அது நிலைப்பதில்லை. மொபைல் இணைப்பின் முகவரியைக் கொடுத்தால் அதே முகவரியைப் பகிர்ந்துகொள்ளும் முன்பின் தெரியாதவர்களும் விடுபடுவார்கள். என் வழி எளிது: தளத்தைத் திருத்துவதற்கென்று ஆட்பிளாக்கர் போட்ட தனி பிரவுசர். கூகுளின் பிளாகர் (Blogger) சேவையில் தளம் வைத்திருப்பவர்களுக்கு, என் பார்வையைக் கணக்கில் சேர்க்காதே என்று சொல்லும் வசதி உண்டு. குக்கிகளை அழித்தால் அதுவும் அழிந்துவிடும்.

ஆளே இல்லை, ஆனால் பேண்ட்விட்த் (ஹோஸ்டிங் தரும் டேட்டா அளவு) தீர்கிறது

லாக்கில் படக் கோப்புகளுக்கான வரிகளை மட்டும் பிரித்துப் பாருங்கள். "எங்கிருந்து" என்ற இடத்தில் வேறொரு தளத்தின் பெயர் இருந்தால், அவர்கள் உங்கள் படத்தை உங்கள் சர்வரிலிருந்தே காட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சிபேனலில் இதற்கு ஹாட்லிங்க் தடுப்பு இருக்கிறது. அதில் கூகுளை விதிவிலக்காகச் சேர்க்க மறந்தால் படத் தேடலில் வருபவர்களையும் இழப்பீர்கள். பிரவுசர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஜிபிடிபாட், கிளாட்பாட், பைட்ஸ்பைடர் என்று இருந்தால் செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் அள்ளிக்கொண்டு போகின்றன. பாட்களுக்கான அறிவிப்புப் பலகையான ரோபோட்ஸ் கோப்பில் பெயர் சொல்லித் தடுக்கலாம். அது வேண்டுகோள்தான், பூட்டு அல்ல.

பொங்கலுக்கு அப்புறம் படுவீழ்ச்சி

தை மூன்றாம் வாரம் வரைபடம் மலையிலிருந்து கீழே உருண்டிருக்கும். கூகுள் உங்களைத் தண்டிக்கவில்லை, மார்கழி முடிந்துவிட்டது. ஜனவரியை டிசம்பரோடு ஒப்பிடாதீர்கள், சென்ற ஜனவரியோடு ஒப்பிடுங்கள். மற்ற மாதங்களிலும் சின்ன எண்கள் தாமாகவே ஆடும். நாளுக்குச் சராசரி 25 பேர் வரும் தளத்தில், எதுவுமே நடக்காவிட்டாலும் ஒரு நாள் 17, மறுநாள் 33 வரும். சராசரியின் வர்க்கமூலம் 5. அதன் இரு மடங்குக்குள், அதாவது 15க்கும் 35க்கும் இடையில் எது வந்தாலும் நான் காரணம் தேடுவதில்லை. "100 சதவீதம் உயர்வு" என்று மின்னஞ்சல் வரும்போது, 4 பேர் 8 பேர் ஆகியிருப்பார்கள்.

சென்ற ஆண்டோடு ஒப்பிட, சென்ற ஆண்டின் விவரம் கையில் இருக்க வேண்டும். சர்ச் கன்சோல் 16 மாதங்கள்தான் வைத்திருக்கும். அனலிட்டிக்ஸில் வழக்கமான அறிக்கைகள் இருக்கும். ஆனால் "ஆய்வு" பகுதிக்கான நுண் விவரம் தொடக்க அமைப்பில் 2 மாதம்தான். நிர்வாகப் பகுதியில் அதை 14 மாதமாக்குங்கள், இன்றே. அழிந்தது திரும்பி வராது. அப்புறம் ஒவ்வொரு தையிலும் இரண்டையும் பதிவிறக்கி, கோப்பின் பெயரில் ஆண்டைப் போட்டு வையுங்கள். நான் "புதியது", "ரொம்பப் புதியது", "கடைசி" என்று பெயர் வைத்துவிட்டு, எது எந்த மார்கழி என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.